தராசு அசையாத ஏழு வாரங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். நிறை குறைக்கத் தொடங்கி, முதலில் நன்றாகக் குறைந்து, பிறகு ஓரிடத்தில் வந்து நின்று, "இது நமக்குச் சரிவராது" என்று கைவிட்டவர்களுக்காக எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். இரண்டு பேர் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் ஒரே பெட்ச். மற்றவர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கீழே வருவதில் எது யாருக்கு நடந்தது என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. வெட்கமான விடயங்களும் இருக்கின்றன, அவற்றை மூவரும் பங்குபோட்டுக்கொள்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.

போன வருடம் ஆசிரியர்களுக்குச் சீனியும் பிரஷரும் பார்த்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், போனோம். எங்களில் ஒருவருக்குச் சீனி 121. "100க்குக் கீழே இருக்க வேணும், 126 என்றால் வருத்தம். நீங்கள் இரண்டுக்கும் நடுவில், அதுவும் அந்தப் பக்கம் கிட்ட நிற்கிறீர்கள்" என்றார் டொக்டர். மற்ற இருவருக்கும் சீனி பரவாயில்லை, ஆனால் நிறையும் இடுப்பளவும் கூட. நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டுமாம். மூன்று பேரும் 90ஐத் தாண்டியிருந்தோம்.

அந்த 121 துண்டைக் கையில் வைத்திருந்தவரின் உம்மாவுக்கு, நான்கு வருடங்களுக்கு முன் சீனி வருத்தத்தால் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். காயத்துக்கு மருந்து கட்டியது இந்த மகள்தான். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து பாடசாலைக்கு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சுபஹுக்குப் பிறகு நடக்கத் தொடங்கினோம்.

ஐந்தேகால் மணிக்குக் கடற்கரை வீதியில் சேர்வோம். நாற்பது நிமிடம். வீட்டுக்கு வந்து பிள்ளைகளை எழுப்பி, சமைத்து, ஏழரைக்குப் பாடசாலை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. இரவில் சோறு இல்லை, ஒரு கோப்பை சூப் அல்லது இரண்டு இடியப்பம். 80 பக்கக் கொப்பி ஆளுக்கொன்று வாங்கி என்ன சாப்பிட்டோம் என்று எழுதினோம். திங்கட்கிழமை காலை, உடற்கல்வி அறையில் பிள்ளைகளின் நிறை பார்க்கும் தராசில் ஏறுவோம்.

முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ போனது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது அப்போது தெரியாது. உடம்பு மாச்சத்தைக் கிளைக்கோஜன் என்று சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் அந்தச் சேமிப்பு கரைய, தண்ணீரும் கூடவே போகும். தராசில் ஏறுகிறவருக்குக் கொழுப்பே கரைந்த மாதிரி இருக்கும்.

மூன்று மாதத்தில் எங்களில் ஒருவர் 78.4இலிருந்து 72.3க்கு வந்தார். மற்ற இருவரும் ஐந்து கிலோவை ஒட்டிக் குறைந்தோம். ஊரில் "என்ன டீச்சர், மெலிஞ்சி போனீங்க, வருத்தம் கிருத்தமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். உள்ளுக்குள் சந்தோசம்.

பிறகு நின்றது.

72.3. அடுத்த திங்கள் 72.5. அதற்கடுத்தது 72.1. பிறகு 72.4. மூன்று பேருக்கும் ஒரே கதை. நடையில் குறைவில்லை, கொப்பியில் குறைவில்லை. வீட்டில், "என்ன டீச்சர்மார், தராசு இண்டைக்கும் அசையல்லையா?" என்று பகிடி. ஐந்தாவது வாரம் ராத்தா தராசில் ஏறாமலே போய்விட்டார். "ஏறி என்ன புள்ள செய்ய, அது நம்மளப் பாத்துச் சிரிக்குது" என்றார்.

அப்போது நாங்கள் செய்தவைதான் வெட்கமான பகுதி.

எங்களில் ஒருவர் காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். பிறகு மதியச் சோற்றையும் இரண்டு கரண்டியாக்கினார். இன்னொருவர் போனில் பார்த்த ஒரு மெலிவுத் தூளுக்குக் காசு கட்டி எடுத்தார். பெயர் தேவையில்லை. பத்து நாள் வயிற்றைக் கலக்கிவிட்டு டப்பா குப்பைக்குப் போனது. மூன்று பேருமே வீட்டிலும் வகுப்பிலும் எரிந்து விழுந்தோம். ஒரு பிள்ளை கொப்பி கொண்டு வராததற்கு, ஒரு நாளும் ஏசாத மாதிரி ஏசினோம்.

ஆறாவது வாரம், தரம் 7இல், ஐந்தாம் பாடவேளை. கரும்பலகையில் தசமக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கண் இருட்டியது. மேசையைப் பிடித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து ஒரு பிளேன்டீ மட்டும். பிள்ளைகள் பயந்து போனார்கள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தாள். இன்னொருத்தி தன் பையிலிருந்து பாதி சாப்பிட்ட மீன் பணிஸை நீட்டி, "டீச்சர், இதச் சாப்பிடுங்க" என்றாள். டீச்சர் அதை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போதே அழுதார்.

அந்தக் கிழமையே மூன்று கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு அதே டொக்டரிடம் போனோம்.

அவர் முதலில் சீனியைப் பார்க்கச் சொன்னார். 121ஆக இருந்தது 106க்கு வந்திருந்தது. துண்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "தராசு நின்றது. இது நின்றதா?" என்றார்.

பிறகு ஒரு விடயம் சொன்னார், வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தோம், உண்மைதான். அமெரிக்காவில் சீனி வருத்தத்தின் வாசலில் நின்றவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த இலக்கு உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதும், கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடலுழைப்பும். அவ்வளவுதான். அந்தக் குழுவில் சீனி வருத்தம் வருவது 58 வீதம் குறைந்தது. 78.4க்கு 7 வீதம் என்றால் ஐந்தரைக் கிலோ. எங்களில் ஒருவர் ஆறு கிலோ குறைத்து, ஆறு வாரமாக அதைக் கூடாமல் பிடித்தும் வைத்திருக்கிறார். அதைத்தான் நாங்கள் தோல்வி என்று சொல்லிக்கொண்டு பட்டினி கிடந்தோம்.

"அப்ப ஏன் டொக்டர் நிக்குது?" என்று கேட்டோம்.

அவர் சொன்னதையும் நாங்கள் பிறகு வாசித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறோம். நிறை குறைந்த உடம்பு சிறிய வீடு மாதிரி, அதற்குச் செலவும் குறைவு. ஒரு கிலோ குறைந்தால் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை செலவு குறைகிறது. ஆறு கிலோ என்றால் 120 முதல் 180 வரை. ஐந்து கிலோ அரிசிப் பையைச் சுமந்து நடப்பதற்கும் கைவீசி நடப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? அந்தப் பையை நாங்கள் இறக்கி வைத்துவிட்டோம். அதனால் அதே நாற்பது நிமிட நடை இப்போது குறைவாகத்தான் எரிக்கிறது. முதல் மாதத்தில் குறைவாக இருந்த சாப்பாடு, நான்காம் மாதத்தில் உடம்புக்குச் சரியான அளவாகிவிடுகிறது. வரவும் செலவும் சமன்.

இன்னொரு பக்கம் பசி. கெவின் ஹோல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2016இல் கணித்தபடி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குச் சாப்பாட்டு நாட்டம் கூடுகிறது. ஆறு கிலோ குறைத்தவருக்கு எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். அடக்கமில்லாத நப்சு என்று எங்களையே ஏசிக்கொண்டோம். அதில் பெரும்பங்கு உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலை.

இதெல்லாம் கேட்டு நெஞ்சு நிமிர்ந்து இருக்கும்போது டொக்டர் கொப்பிகளைப் புரட்டினார். "நல்லா எழுதியிருக்கிறீங்கள். எழுதாதது என்ன?" என்றார்.

"எல்லாம் எழுதினோம்."

"சமைக்கும்போது ருசி பார்க்கிறது? பிள்ளைகள் மிச்சம் வைக்கிறதை யார் சாப்பிடுறது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ராத்தாதான் முதலில் சிரித்தார்.

மூன்று நாள், வாய்க்குள் போவதற்கு முன் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எழுதினோம். இதோ ஒரு நாளில் வந்தவை, எந்த ஒளிவும் இல்லாமல்:

மகன் விட்ட ஒன்றரை இடியப்பமும் சொதியும். தேங்காய்ச் சம்பல் அரைக்கும்போது இரண்டு விரல் அள்ளல். ஓய்வறையில் யாரோ பிறந்தநாளுக்கு வைத்த ரோல்ஸில் பாதி, "பாதிதானே" என்பதால் கணக்கில் இல்லை. பின்னேரம் ஒரு கைப்பிடி கச்சான், அது "ஆரோக்கியம்" என்பதால் கணக்கில் இல்லை. ஐந்து பேரீச்சம்பழம், அதுவும் அப்படியே. கச்சான் ஒரு கைப்பிடி, 30 கிராம், ஏறத்தாழ 170 கலோரி. ரோல்ஸ் பாதி 100ஐத் தொடும். எல்லாம் கூட்டினால் 500க்குக் கிட்ட வந்தது. காலையில் நாற்பது நிமிடம் நடந்து எரித்ததைவிட இரண்டு மடங்குக்கும் கூட.

நாங்கள் பொய் எழுதவில்லை. ஞாபகத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். இது எங்களுக்கு மட்டும் உள்ள குறையுமல்ல. 1992இல் நியூயோர்க்கில், "எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எங்களுக்கு நிறை குறையவில்லை" என்று சொன்ன பத்துப் பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களுடைய உடம்பின் சக்திச் செலவு சாதாரணமாகவே இருந்தது. ஆனால் சாப்பிட்டதைச் சராசரியாக 47 வீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 வீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களும் உண்மையென்று நம்பித்தான் சொன்னார்கள்.

ஆக இரண்டும் உண்மை. உடம்பு செலவைக் குறைத்திருந்தது. நாங்கள் கணக்கைத் தவறவிட்டிருந்தோம். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், "உடம்பு அப்படி, என்ன செய்ய" என்று விட்டுவிடுவோம். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் நம்மையே வெறுத்துப் பட்டினி கிடப்போம். நாங்கள் மாறி மாறி இரண்டையும் செய்து பார்த்தவர்கள்.

இங்கே ஒன்று ஞாபகம் வந்தது. கல்வியியற் கல்லூரியில் உளவியல் பாடத்தில் கற்றல் வளைகோடு படித்தோம். மேலே ஏறிக்கொண்டே போகும் கோடு ஓரிடத்தில் தட்டையாகிவிடும், அதற்குத் தேக்கநிலை என்று பெயர். 1890களின் கடைசியில் பிரயன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தந்தி அடிக்கப் பழகுகிறவர்களை வாரா வாரம் சோதித்துக் கண்டது அது. தந்தியை வாங்கும் வேகம் நன்றாகக் கூடி வந்து, பிறகு வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. சோம்பலாலல்ல என்று விளக்கினார்கள். எழுத்து எழுத்தாகக் கேட்கும் பழக்கம் முழுதாக ஊறிய பிறகுதான் சொல் சொல்லாகக் கேட்கும் அடுத்த படி வரும் என்பது அவர்களுடைய விளக்கம். பரீட்சைக்கு இதைப் பாடமாக்கி எழுதிச் சித்தியும் பெற்றோம். ஆனால் பதினைந்து வருடமாக ஒரு பிள்ளையின் புள்ளி நின்றபோது அந்தக் கோட்டை நினைத்தோமா என்றால், இல்லை.

தரம் 7இல் ஒரு மகன் இருக்கிறார். கணிதத்தில் மூன்று தவணையும் 38, 41, 39. தேர்ச்சி அறிக்கையில் மூன்று தடவையும் ஒரே வசனம் எழுதினோம்: "இன்னும் முயற்சி தேவை." தராசு நின்ற ஐந்தாம் வாரம் யாராவது எங்களிடம் அந்த வசனத்தைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? அந்தப் பிள்ளை என்ன செய்திருப்பான்? நாங்கள் தூள் வாங்கின மாதிரி, அவன் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதியிருப்பான்.

அதைத்தான் செய்துகொண்டும் இருந்தான். டொக்டர் கேட்டதையே கூப்பிட்டுக் கேட்டோம்: "கொப்பியில எழுதாதது என்ன மகன்?" முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கணக்கைச் செய்து காட்டச் சொன்னோம். ஏழாம், எட்டாம் வாய்ப்பாடு தெரியாது. நீள் வகுத்தல் தரம் 4இலேயே விட்டுப்போயிருக்கிறது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வகுத்தலிலிருந்து திரும்பத் தொடங்கினோம். போன தவணை 46. பெரிய புள்ளி இல்லை. ஆனால் அது அவனுடைய புள்ளி.

உடம்புக்கு வருவோம். தந்தி பழகுகிறவருக்குத் தொடர்ந்து பழகினால் தேக்கம் உடையும். உடம்பின் தேக்கம் அதையே தொடர்வதால் மட்டும் உடையாது, ஏனென்றால் வரவும் செலவும் சமனாகிவிட்டது. ஏதாவது ஒன்று மாற வேண்டும். நாங்கள் மாற்றியவை இவை. ஒரே நேரத்தில் அல்ல, இரண்டு கிழமைக்கு ஒன்று:

1. வாய்க்குப் போகுமுன் எழுதுவது, வாழ்நாள் முழுக்க அல்ல. மாதத்தில் மூன்று நாள். பிள்ளைகளின் மிச்சத்தைப் பிளேட்டில் விடாமல் இருக்க, முதலிலேயே குறைத்துப் போடுகிறோம். வீணாக்குவதும் இல்லை, நம் வயிறு குப்பைத்தொட்டியாவதும் இல்லை.

2. காலைச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டு வந்தோம். ஒரு முட்டை அல்லது கடலை. மதியம் பிளேட்டில் பாதி மரக்கறியும் இலைக்கறியும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, கால்வாசி சோறு. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மீனைக் குறைத்துச் சோற்றைக் கூட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புரதம் வயிற்றில் நிற்கும், பின்னேரக் கச்சானைத் தேடவிடாது.

3. தசைக்கு வேலை. கதிரையில் உட்கார்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குவது. கிழமைக்கு மூன்று நாள், கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். வேலை கொடுத்தால் அது ஓரளவு தங்கும்.

4. நடையில் பத்து நிமிடத்தை வீதியிலிருந்து மணலுக்கு மாற்றினோம். புதையும் மணலில் நடக்க, இறுகிய தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். முதல் நாளே கெண்டைக்கால் அதைச் சொன்னது. கால் விறைப்பு உள்ளவர்கள், காலில் புண் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

5. தூக்கம். தவணைப் பரீட்சைத் தாள்களை இரவு ஒரு மணி வரை திருத்திவிட்டு ஐந்து மணிக்கு நடக்கப் போனோம். தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடும், இனிப்பைத் தேடும். இப்போது பதினொரு மணிக்குத் தாளை மூடுகிறோம்.

6. தராசோடு தையல் நாடாவும். மாதம் ஒரு முறை இடுப்பளவு. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடம்பில் தண்ணீர் தங்கி ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டலாம். அந்தக் கிழமையின் இலக்கத்தைப் பார்த்து யாரும் அழ வேண்டாம்.

சீனிக் குளிசை பாவிப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் டொக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். களைப்பும் முடி கொட்டுதலும் சேர்ந்திருந்தால் தைரொய்ட்டையும் ஒருமுறை பாருங்கள்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். ஏழு வாரத்துக்குப் பிறகு ஒருவருக்கு 72இலிருந்து மெதுவாக 70.2க்கு வந்து, மறுபடியும் நின்றிருக்கிறது. ஒருவருக்குத் தராசில் ஒன்றும் குறையவில்லை, இடுப்பில் நாலு சென்ரிமீற்றர் குறைந்து அபாயாக்களைப் பிடித்துத் தைத்திருக்கிறார். ஒருவர் தொடர்ந்து வந்த மூன்று வலீமாக்களில் ஒரு கிலோ கூடி, ஒரு மாதம் எடுத்து அதை இறக்கினார். சஹனில் உட்கார்ந்துகொண்டு மெலிவது எப்படி என்பதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை.

121 துண்டு வைத்திருந்தவருக்குப் போன மாதம் 99. அவர் அந்த இரண்டு துண்டுகளையும் உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "நல்லதா, கெட்டதா?" என்று மட்டும் கேட்டார். "நல்லது உம்மா" என்றதும், கட்டிலில் இருந்தபடியே காலை இழுத்து மூடிக்கொண்டு, "உன்ட காலக் கவனமா வெச்சிக்க" என்றார்.

தராசு நின்றுபோன யாராவது இதை வாசித்தால், இன்று இரவு சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். நாளைக்கு ஒரு கொப்பி எடுங்கள். எங்களுக்காகவும் துஆ செய்யுங்கள். நாளை திங்கட்கிழமை, தராசில் ஏறும் நாள்.